மயிலையும் செங்காரியும் நின்ற படம்

"என்னைக் கள்ளன் எண்டு சாக விடாதேயும்" என்று இவர் சொன்னபோது அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. இவர் என்றால் என் வீட்டுக்காரர். வயிற்றில் கட்டி. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பாருங்கோ என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கஞ்சி உள்ளே போனால் தங்காது. ஆனால் இவருக்குச் சாவைப் பற்றிக் கவலையில்லை. மாட்டுவண்டிச் சவாரிச் சங்கம் புதுக் கட்டிடம் கட்டி, வென்றவர்களின் படங்களைச் சுவரில் மாட்டப் போகிறது என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதில் தன் படம் வருமா என்பதுதான் இவருக்குக் கவலை.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்தவர்கள் நாங்கள். மற்றவர்கள் சட்டி பானையோடு வந்தார்கள். இவர் சவாரி மாடு இரண்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒன்று மயிலை, மற்றது செங்காரி. "லொறியிலை மாட்டை ஏத்தினாப் பிறகு இடமிருந்ததாலைதான் என்னையும் ஏத்தினவர்" என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பேன்.

அறுவடை முடிந்த வெளியில் சித்திரை மாதம் சவாரி நடக்கும். இவர் வண்டிலில் ஏறி நின்றால் மற்றவன் தூசிதான் குடிப்பான். வருசா வருசம் வென்றார். அந்த வெற்றியில் பாதி என்னுடையது. உளுத்தங்களி கிண்டினது நான், பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தது நான். பிள்ளைகள் வெறுஞ்சோறு தின்ற நாளிலும் மயிலைக்குப் பச்சை முட்டை உடைத்து ஊற்றினது நான். அந்த மாடுகளின் வாய்க்குள் என்ன போனது என்று என்னைவிட வேறு எந்தக் கொம்பனுக்குத் தெரியும்?

கடைசிச் சவாரியில்தான் அந்த நாசம் நடந்தது. மயிலைக்கு முன்னங்கால் நோ. ஓட்டாதேயுங்கோ என்று கெஞ்சினேன். ஊர் முழுக்க வாசல் படலையில் வந்து நின்று, "நீ ஓடாட்டி எங்கட மானம் போச்சு" என்றது. இவர் எனக்குத் தெரியாமல் மாட்டுக்குச் சாராயம் பருக்கிவிட்டார். மயிலை நோவை மறந்து பேய் பிடித்ததுபோல ஓடியது. முடிவுக் கோட்டைத் தாண்டி முதலாவதாய் வந்து, அப்படியே முழந்தாளில் விழுந்து, வாயில் நுரை தள்ளிச் செத்தது. கிட்டப் போனவர்களுக்குச் சாராயம் மணத்தது. இவர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஓம், நான்தான் குடுத்தனான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஒருவரும் விசாரிக்கவில்லை, தானாகவே சொன்னார். அதற்குப் பிறகு கயிறு பிடிக்கவேயில்லை. சந்தைக்குப் போனாலும் ஆட்கள் கதையை நிறுத்திவிடுவார்கள். படலையில் நின்று மானம் கேட்டவர்களும்தான்!

சங்கத் தலைவரிடம் போனேன். எங்கள் பக்கத்து ஆள்தான், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை.

"தங்கச்சி, நாளைக்குப் பிள்ளையள் அந்தச் சுவரைப் பாக்குங்கள். மாட்டுக்குச் சாராயம் பருக்கினவனையும் அங்கை வைச்சா, அதுகளுக்கு என்ன சொல்லுறது?"

"நடந்ததைச் சொல்லுங்கோ அண்ணை. இத்தனை தரம் நேர்மையா வெண்டவர், ஒருக்காப் பிழை விட்டவர் எண்டு படத்துக்குக் கீழை எழுதியே விடுங்கோ. அந்தக் கடைசி வெற்றி எங்களுக்கு வேண்டாம். முந்தி வெண்டதெல்லாம் பொய்யோ?"

"எல்லாத்துக்கும் இப்பிடித்தான் குடுத்தவரோ எண்டு சனம் கதைக்குதே."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "களி கிண்டினவள் உங்களுக்கு முன்னாலை நிக்கிறன், என்னைக் கேளுங்கோ! துவரந்தடியிலை ஆணி அடிச்சு, மாட்டின்ரை பின்பக்கம் கிழியக் கிழியக் குத்தி வெண்டவரின்ரை படத்துக்குக் கண்ணாடி போட்டாச்சாம். அந்த இரத்தத்தை நீங்கள் காணேல்லையோ?"

"ஆணி எல்லாரும் வைக்கிறதுதானே, தங்கச்சி."

"மறைச்சவை எல்லாம் சுவரிலை, வாய் திறந்து சொன்னவர் பாயிலை. நல்ல நியாயம்!"

பிறகு கோபம் என்னைக் கைவிட்டுவிட்டது. அவர் முற்றத்து மண்ணில் குந்தியிருந்து அழுதேன். சாகிற மனிசன், கண் மூடுமுன் ஒரு நல்ல சொல்லைக் கேட்கட்டும் என்று கும்பிட்டேன். அவருக்கும் கண் கலங்கியது. கூட்டத்தில் கதைக்கிறன் என்றார்.

கூட்டம் நடந்த மறுநாள் சங்கத்துப் பொடியன்கள் இரண்டு பேர் வந்து படத்தைக் கேட்டார்கள். என் நெஞ்சு குளிர்ந்துபோனது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு படம். ஒரு சவாரி முடிய, பட்டணத்துப் படக்காரன் எடுத்தது. நடுவில் மாலை போட்ட மயிலையும் செங்காரியும். ஓரத்தில் இவர், கையை நீட்டி மயிலையின் கயிற்றைப் பிடித்தபடி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அலுமாரிக்குள் சீலைக்கு நடுவில் வைத்திருந்ததை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். இவர் அன்று இரண்டு வாய் கஞ்சி குடித்தார். "தாடியை வழிச்சு விடும், ஆரும் பாக்க வருவினம்" என்றார்.

கட்டிடம் திறந்த அன்று இவரைத் தூக்கவே முடியவில்லை. "நீர் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லும்" என்றார். நல்ல சீலை உடுத்துப் போனேன். சனம் விலகி வழி விட்டது. அதற்குக் காரணம் மரியாதை என்றுதான் நினைத்தேன்.

வாசலுக்கு நேரே எங்கள் படம். கண்ணாடி, சட்டம், பூமாலை. மயிலை நின்றது. செங்காரி நின்றது. மயிலையின் கயிற்றில் ஒரு கை இருந்தது. மணிக்கட்டுக்கு அங்கால் ஒன்றுமில்லை. கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார்கள்.

தலைவர் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "வாயில்லாச் சீவன் என்ன குற்றம் செய்தது தங்கச்சி? மாட்டுக்கு மரியாதை செய்யலாம் எண்டு கூட்டம் முடிவெடுத்தது. என்னாலை ஏலுமானது அவ்வளவுதான்."

கத்த வேண்டும் போலிருந்தது. திரும்பி வெளியே நடந்தேன். வீடு வந்து சேரும்வரை வழியில் யார் கதைத்தார்கள், என்ன சொன்னேன், ஒன்றும் நினைவில்லை.

இவர் கண்ணை வாசலிலேயே வைத்திருந்தார்.

"மாட்டியிருக்கோ?"

"ஓம். வாசலுக்கு நேரை. மாலையும் போட்டிருக்கு."

"மயிலை வடிவா நிக்குதோ?"

"ஓம்."

"நான்?"

"சிரிச்சுக்கொண்டு நிக்கிறியள்."

இவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. தோள் குலுங்கியது. சந்தோசத்தில்தான் அழுதார். அந்தப் பொய்க்கு எந்தக் கடவுள் என்னிடம் விளக்கம் கேட்டாலும் கேட்கட்டும், நானும் திருப்பிக் கேட்கக் கேள்வி வைத்திருக்கிறேன். அந்தக் கிழமையே போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வந்தது. விளக்கேற்றிப் படைக்க ஒரு படம் வேண்டுமே. தலைவரிடம் ஓடினேன். வெட்டின மற்றத் துண்டைத் தாருங்கோ, அதிலே முகம் இருக்கிறது என்றேன். அந்த மனிசன் நிலத்தைப் பார்த்தார். "அதை ஆர் தங்கச்சி எடுத்து வைச்சது... கூட்டி எரிச்சிருப்பாங்கள்."

படம் இல்லாமல்தான் படைத்தேன். கோபம் மட்டும் இன்றுவரை ஆறவில்லை.

இவர் போனபோது எங்கள் கடைசி மகள் சின்னவள் நடக்கத் தொடங்கின பிள்ளை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள் வந்து, "அம்மா, அப்பான்ரை முகம் எனக்கு ஞாபகமில்லை" என்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு சங்கக் கட்டிடத்துக்குப் போனேன். அங்கிருந்த வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்தி, கயிற்றைப் பிடித்திருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இது அப்பான்ரை கை" என்றேன்.