புள்ளி இல்லாத இலைகள்

என் மனைவி நடத்தும் நர்சரியில் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. தொழிற்சாலைக்குப் போகிற செடியில் ஒரு இலையில்கூடப் புள்ளி இருக்கக் கூடாது. ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளின் வாசலில் நிற்கும் காவலர்கள், உள்ளே வருகிற உதிரிபாகத்தைப் பார்க்கிற அதே கண்ணோடுதான் செடியையும் பார்ப்பார்கள். பூச்சி அரித்த இலை ஒன்று தென்பட்டால் போதும், அந்தத் தொட்டி வந்த வண்டியிலேயே திரும்பிவிடும். அதனால் வண்டி ஏற்றுவதற்கு முந்தின நாள் எல்லாச் செடிக்கும் பூச்சிமருந்தோடு பசை கலந்து அடிப்பார்கள். பூச்சி சாகும், இலை பளபளக்கும். படப்பையிலிருந்து ஒரகடம் வரை சாலையோரத்தில் இருக்கிற எல்லா நர்சரிகளிலும் இதுதான் வழக்கம். போவதெல்லாம் குரோட்டன்ஸ், இட்லிப்பூ, அரளி. யாரும் வாயில் வைக்கிற செடிகள் அல்ல.

நான் ஒரு நாளிதழில் பல வருடம் செய்தித் திருத்தம் பார்த்தவன். வேலையை விட்ட பிறகு நர்சரியில் மனைவிக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறேன். நிலம் குத்தகை. சுற்றியுள்ள நிலங்களில் ஒவ்வொன்றாகக் கல் நட்டு வண்ணக் கொடி கட்டிவிட்டார்கள். எங்கள் நிலத்துக்காரரும் எப்போது மனை போடுவார் என்று தெரியாது. ஏதாவது ஒரு கம்பெனியின் தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம் கிடைத்தால், வேறு இடம் பார்த்துப் போனாலும் தொழில் நிலைத்து நிற்கும் என்பது மனைவியின் கணக்கு. அதற்காக நீண்ட காலம் அலைந்தாள்.

கடைசியில் ஒரு கம்பெனியிலிருந்து நிர்வாக அதிகாரி கூப்பிட்டார். இளைஞர், பேச்சில் மரியாதை உள்ளவர். கேன்டீனுக்குப் போகிற நடைபாதை ஓரம் மூலிகைத் தோட்டம் வைக்க வேண்டும், வெளிநாட்டு மேலதிகாரி வந்து திறக்கிறார், அது நன்றாக அமைந்தால் வளாகம் முழுவதையும் எங்களுக்கே தந்துவிடலாம் என்றார். துளசி, கற்பூரவல்லி, ஆடாதொடை, தூதுவளை என்று மனைவி தேடிச் சேர்த்தாள். செடிகளுக்கான பெயர்ப்பலகை வாசகங்களை அதிகாரி என் போனுக்கு அனுப்பிப் பிழை பார்க்கச் சொன்னார். எந்த இலை எந்த நோய்க்கு என்று எழுதி, ஒவ்வொன்றின் அடியிலும் ‘ஊழியர்கள் பறித்துப் பயன்படுத்தலாம்’ என்று இருந்தது. ஒற்று விட்ட இடங்களில் ஒற்றுப் போட்டு அனுப்பினேன்.

செடிகளைக் கொண்டுபோய் நட்டாகிவிட்டது. மறுநாள் காலை, எங்களிடம் மருந்து அடிக்கிற மண்ணூர்க்காரர் பிளாஸ்டிக் டிரம்மைச் சாய்த்துப் பார்த்தபடி மனைவியிடம் கேட்டார்.

“மீதி கொஞ்சம் கீதும்மா. அந்த குரோட்டன்ஸுக்கு அடிச்சிடட்டா?”

“எதுல மீதி?”

“கம்பெனி லோடுக்குக் கலக்குனதுலதான். துளசி, கற்பூரவல்லி, அதுங்களுக்கு.”

மனைவி கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள்.

“அதுக்கு ஏண்ணா அடிச்சீங்க?”

“இன்னாம்மா இப்டி கேக்குற? கம்பெனி லோடு மருந்து அடிக்காம என்னிக்குப் போயிருக்கு? கற்பூரவல்லில மாவுப்பூச்சி வேற. புள்ளி கீதுன்னு திருப்பி அனுப்பிச்சா என்னியதானே திட்டுவ?”

“அது தின்ற எலைண்ணா.”

அவர் டிரம்மை நிமிர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்: “கம்பெனில எவன்மா எலயத் தின்னப்போறான்? நின்னு போட்டோ எடுத்துக்குவான்.”

மனைவி மருந்து பாட்டிலை எடுத்து ஒரு கவரில் போட்டுக்கொண்டு என்னை ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னாள். பூச்செடிக்கு அடிக்கிற மருந்து அது. இலைக்குள் இறங்கி நிற்கும், கழுவினால் போகாது. டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே போகும்போது பின்னாலிருந்து என் காதருகே பேசினாள்.

“கவாத்து பண்ணணும்னு சொல்லி எலயெல்லாம் வெட்டிடலாம். ரெண்டு வாரத்துல வேற செடி கொண்டுபோய் மாத்திடலாம். மருந்துன்னு வாயத் தொறந்தா ஒப்பந்தம் போச்சு.”

நான் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டம் அழகாகத்தான் இருந்தது. புதுச் செம்மண், வெள்ளைக் கூழாங்கல், வரிசையாகப் பச்சைப் பலகைகள். இலைகள் வெயிலில் எண்ணெய் தடவியதுபோல் மின்னின. மனைவி நடைபாதை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு கற்பூரவல்லியைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு பக்கத்திலிருந்ததை. துளசியில் இரண்டு. நுனிகள் இல்லை. நகத்தால் கிள்ளிய இடம், விளிம்பு லேசாகக் காய்ந்திருந்தது.

அதிகாரி வந்தபோது அவள் கவாத்து என்று சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

“மேடம், நாளைக்கு ஃபங்ஷன். இன்னைக்கு வந்து இதைச் சொல்றீங்களே!”

“இன்னைக்குத்தான் சார் எனக்கே தெரியும்.”

“எத்தனை நாளைக்கு அப்புறம் சாப்பிடலாம்?”

“அது பூச்செடி மருந்து. சாப்பிடறதப் பத்தி அதுல ஒண்ணும் போடல. யாரோ கிள்ளியிருக்காங்க சார். கேன்டீன் மைக்ல சொல்லுங்க.”

“மைக்ல என்னன்னு சொல்றது? மூலிகைத் தோட்டத்துல விஷம்னா? அப்புறம் நானும் உங்க நர்சரியிலதான் வந்து தண்ணி ஊத்தணும்.”

வேடிக்கையாகச் சொல்ல நினைத்திருப்பார். குரல் அப்படி வரவில்லை. செடிகளைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லிக் காவலரிடம் போனார். மைக்கில் சொல்ல மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஷிஃப்ட் முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் மனைவி ஒவ்வொரு பஸ்ஸின் படியருகிலும் போய் நின்று, கவரில் போட்ட கற்பூரவல்லிக் கொத்தைக் காட்டிக் கேட்டாள். சீருடைப் பெண்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

“இன்னாக்கா, நாலு எலைக்குத் திருடியப் புடிக்க வந்துக்கிறியா?”

“இவதான்க்கா! மூஞ்சியப் பாரு, திருட்டு முழி.”

“போர்டுலயே பறிக்கலாம்னு போட்டுக்கீதேக்கா!”

“பறிச்சது தப்பில்லம்மா,” என்றாள் மனைவி. “அதுல பூச்சிமருந்து அடிச்சிருக்கு. யாராவது சாப்பிட்டீங்களா?”

சிரிப்பு நின்றது. மூன்றாவது பஸ்ஸில் ஒரு பெண் இருக்கையிலிருந்து எழுந்து வந்தாள்.

“எங்க ரூம்ல ஒருத்தி நேத்து எடுத்தாந்தாக்கா. இருமல் வுடவே இல்லன்னு. காலைல கஷாயம் வெச்சிக் குடிச்சா. வாந்தி எடுத்துகினு படுத்துகினு கீறா. இன்னிக்கு லீவு.”

அதிகாரி தன் காரை எடுத்தார். அந்தப் பெண் முன்னால் உட்கார்ந்து வழி சொன்னாள். பென்னலூரில் ஒரு மாடி வீட்டை அறை அறையாகத் தடுத்து ஹாஸ்டல் ஆக்கியிருந்தார்கள். உள்ளே பாயில், கஷாயம் குடித்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண். உதடு வறண்டிருந்தது. நெற்றி வியர்த்திருந்தது.

“நீங்க யாருக்கா?”

“அந்தச் செடிய வளத்தவ.”

“நல்லாத்தான் வளத்திருக்கிய. இல கண்ணாடி கணக்கா மினுங்குச்சு. அதாம் பறிச்சேன்.”

மனைவி அவளைத் தோளில் சாய்த்துக் காருக்கு அழைத்து வந்தாள்.

அரசு மருத்துவமனையில் பணியில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். மனைவி கவரிலிருந்து மருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் லேபிளைப் படித்தார், பெண்ணின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், நாடியைப் பிடித்துப் பார்த்தார், குளுகோஸ் போடச் சொன்னார். குடித்தது கொஞ்சம்தான், பயப்படும்படி இல்லை, ஆனால் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

“ஹாஸ்டல் சாப்பாடாக்கூட இருக்கலாமே டாக்டர்?” என்று கேட்டார் அதிகாரி.

“இருக்கலாம். நேத்து என்னம்மா சாப்பிட்ட?”

“குருமா. முந்தாநேத்து வச்ச அதே குருமா.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. “ரெண்டுல எதுன்னு இப்ப என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா கேஸ் ஷீட்ல எழுதணும். இலை எங்க பறிச்ச?”

பெண் அதிகாரியைப் பார்த்தாள். அவள் ஒப்பந்தத் தொழிலாளி, வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை.

“ரோட்டோரமா கெடந்துச்சு டாக்டர். அங்கனதான் பறிச்சேன்.”

அதிகாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் யாரும் எதுவும் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். பெண்ணுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. டாக்டர் பேனாவைக் காகிதத்தில் வைத்துவிட்டார்.

“இல்ல டாக்டர்,” என்றாள் மனைவி. “எங்க நர்சரிச் செடி. கம்பெனி கேன்டீன் பக்கத்துல நட்டது. பறிக்கலாம்னு போர்டு வெச்சிருக்கு. இன்னும் யார் யார் பறிச்சாங்கன்னு தெரியல. அதனால சரியா எழுதுங்க.”

டாக்டர் எழுதினார். அதிகாரி போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். இனி மைக்கில் சொல்லியே ஆக வேண்டும் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. கண்ணாடிக் கதவு வழியாக அவர் யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

கட்டிலில் கிடந்த பெண் மனைவியின் சேலை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“ஏக்கா, நானே ரோட்டோரம்னு சொல்லிட்டம்லா? எதுக்கு இப்பிடிச் சொன்னிய? என் வேலைக்கும் சேத்துல்லா ஒல வச்சிட்டிய.”

மனைவி அதை நினைத்திருக்கவில்லை. நானும் நினைத்திருக்கவில்லை. அவளுடைய முகத்தில் அப்போது தெரிந்தது, பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்தபோதுகூட இல்லாத கலக்கம்.

அந்தப் பெண் தேறி வேலைக்குத் திரும்பினாள். வேலையை விட்டு எடுக்கவில்லை, வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவள் அறைத்தோழி போனில் சொன்னாள். முன்பு உட்கார்ந்து செய்கிற வேலை, இப்போது ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். மாற்றியதற்கு இதுதான் காரணமா என்று கேட்டேன். “காரணம்லாம் யாரு சார் சொல்றா?” என்றாள். மனைவி அந்தப் பெண்ணுக்கே சில முறை போன் செய்து பார்த்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை.

மேலதிகாரி வந்து வேறெதையோ திறந்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டோம். பராமரிப்பு ஒப்பந்தம் வேறொருவருக்குப் போயிற்று. மூலிகைகளை வேரோடு பிடுங்கி ஒரு வண்டியில் ஏற்றி எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். பலகைகள் வரவில்லை. செடிகள் சில வாடியிருந்தாலும் பெரும்பாலானவை பச்சையாகத்தான் இருந்தன. ஆடு வாய் வைத்துவிடக் கூடாது என்று மனைவி பின்பக்கம் குழி தோண்டச் சொன்னாள். மண்ணூர்க்காரர் தோண்டினார்.

செடிகளை அள்ளிக்கொண்டு போகும்போது ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. அதிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்தார்.

“அந்தத் துளசி ஒண்ணு குடும்மா. தொட்டில வெக்கணும்.”

“இது விக்கிறதில்லம்மா.”

“குழிலதானே போடப் போற? சும்மாவே குடு.”

“மருந்து அடிச்சதும்மா. வேணாம்.”

“எதுல அடிக்கல? நாங்க தின்ற கீரைல அடிக்கலையா, கத்திரிக்காய்ல அடிக்கலையா? துளசிய சாமிக்குத்தான் வெக்கப்போறேன்.”

“சாமிக்கு வெச்சிட்டு வாயிலயும் போடுவீங்கம்மா.”

அந்த அம்மாள் கேட்பதாக இல்லை. குனிந்து ஒரு செடியின் தண்டைப் பிடித்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சற்று நேரம் அப்படியே நின்றார்கள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அந்த அம்மாள் கையை உதறிக்கொண்டு போனார். வண்டியில் ஏறும்போது உள்ளே இருந்தவர்களிடம் சத்தமாகவே சொன்னார்:

“மண்ணுல கொட்டிப் பொதைப்பாளுங்களாம், ஒரு எல குடுக்க மனசு வராதாம்!”