சேறு பூசிய மருதம்

காலையில் மருமகள் கொதிக்க வைக்கும் மருதம்பட்டையின் வாசனை கூடத்துக்கு வந்ததும், திருநின்றவூர் ஏரிக்கரையில் தோல் உரிந்து உரிந்து வெளுத்து நின்ற மருத மரங்கள் என் முன்னால் வந்து நின்றுவிடுகின்றன. தகடு தகடாகக் கழன்று விழும் அந்தப் பட்டையை மிதித்தால் அப்பளம்போல் நொறுங்கும். இலையெல்லாம் கொட்டிப்போகும் மாசியிலும் பட்டையை வைத்தே எது மருதம், எது புங்கம் என்று சொல்லிவிடுவேன் என்பதில் அந்தச் சின்ன வயதில் எனக்கு அப்படி ஒரு கர்வம்.

அந்த மாசியில்தான், யுத்தத்துக்கு மரம் வேண்டுமென்று காண்டிராக்டரின் குமாஸ்தா தார்ச்சட்டியோடு வந்து மருதங்களுக்கு மட்டும் வெட்டுக்குறி போட்டார். எங்கள் நிலத்தில் கூலிவேலை செய்த கன்னியம்மா, தன் குடிசைக்கு நிழலாயிருந்த ஒரே மருத மரத்தில், கிளை பிரியும் இடம்வரை ஏரிச்சேற்றை அப்பியிருந்தாள். எதற்கு அப்பினாள் என்பதும் எனக்குத் தெரியும். குமாஸ்தா அதைத் தாண்டிப் போய்விட்டார். நான்தான் ஓடிப்போய் நகத்தால் சேற்றைச் சுரண்டி, "இதுவும் மருதந்தாங்க!" என்றேன்.

"கெட்டிக்காரப் பொண்ணு" என்று கன்னத்தைத் தட்டினார்.

சித்திரையில் மரம் விழுந்த அன்று, வெயில் நேராக இறங்கிய குடிசை வாசலில் நின்ற கன்னியம்மா என்னைத் திட்டவில்லை. "நீ வாயத் தொறக்காங்காட்டி அது வேற மரமாவே இருந்துகினு இருக்கும், பாப்பா" என்று மட்டும் சொன்னாள்.

"நெஞ்சுக்கு நல்லது, குடிங்க அத்தை" என்று மருமகள் தம்ளரை நீட்டுகிறாள். குடிக்கிறேன். துவர்ப்பு நாக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.