புளி போட்டுத் தேய்த்த காசுகள்

புனேயில், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, காலணா மாதிரியான பழைய செப்புக் காசுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். பின்னாடி நல்ல விலை போகும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆயுத பூஜை வந்தால் குத்துவிளக்கோடு அந்தக் காசுகளையும் அம்மா புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுவாள். அப்பா ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். பூஜையில் வைக்கிற பொருளை அழுக்காகவா வைப்பார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் தூக்கிக்கொண்டு, பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாருக்குப் போனேன். பழைய காசு வியாபாரி ஒரு காசை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"இதை யார் தேய்த்தது?" என்று ஹிந்தியில் கேட்டார்.

செப்பில் படிந்த அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பாம். தேய்த்துத் தேய்த்து ராஜா முகமும் வருஷமும் மழுங்கிப் போய்விட்டதாம். பாத்திரக்கடையில் எடைக்குப் போடச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது? இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்துப் பாழாக்கியிருக்கிறோம்.

பழைய காசு சேர்த்து வைப்பதில் பிரயோஜனம் உண்டா என்று என்னைக் கேட்டால், ஒரு மண்ணும் இல்லை.

டப்பாவோடு வீட்டுக்குத் திரும்பினேன். அதன் இடத்திலேயே வைத்தேன். அம்மா அவளாகவே டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"மறுபடி கறுக்க ஆரம்பிச்சிருச்சேடா, பூஜை வருதில்ல, கொஞ்சம் புளி ஊற வை" என்றாள்.

ஊற வைத்தேன்.