அண்ணா தபாலில் சேர்க்காத கடிதம்

அண்ணா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஆண்டு ஒன்று நிறைகிறது. ஆட்டைத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். இப்படியான மலர்களில் மறைந்தவரின் பெருமையைத்தான் எழுதுவார்கள். எனக்கும் எழுத நிறைய உண்டு. ஆனால் என் சிறுமையைச் சொல்லாமல் அவருடைய பெருமையைச் சொல்ல வழி தெரியவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா வடமராட்சியில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமானபோது அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அடுத்த வாரம் அரிசி ஆலையில் இருந்தார். நாட்டு நிலைமை மோசமானதும் ஜேர்மனிக்கு வந்து, அகதி முகாமில் இருந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, கடைசியில் எசன் நகரில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் மூன்று நேர முறை வேலையில் நிலைத்தார். இரண்டு அக்காமாரையும் கரை சேர்த்தார். என்னையும் ஜேர்மனிக்குக் கூப்பிட்டார். தான் படிக்காத படிப்பை என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் நல்ல ஜேர்மன் பேசி, அலுவலகத்தில் கதிரையில் இருந்து வேலை செய்த முதல் ஆள் நான். அதில் அண்ணாவுக்கு இருந்த பெருமை எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இந்தக் கதையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அண்ணா மிச்சம் பிடித்து ஒரு பழைய மாடி வீட்டை வாங்கினார். கீழே தான் குடியிருந்தார், மேலே இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார். சில ஆண்டுகளில் இரண்டாவது வீடு. குழாய் ஒழுகினால் குறடும் சாவியும் போட்ட ஆயுதப் பையைத் தூக்கிக்கொண்டு ட்ராமில் அவரே போவார். வாடகைக்கு இருந்தவர்களை ‘எங்கட ஆக்கள்’ என்றுதான் சொல்லுவார். மேல்மாடியில் தனியாக இருந்த ஜேர்மன் அம்மாவுக்குத் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளை வாராவாரம் சுமந்து ஏற்றுவார். அந்த அம்மா செத்தவீட்டில் அழுததைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் ஒன்றுவிட்ட மச்சான் குணம், வேலை நேரம் போக, காப்புறுதி முகவராகவும் இருந்தார். நம்மவர்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு மச்சான் இருக்கிறார். அவர் வீட்டுக்கு வந்தால் தேநீர் கொடுத்துவிட்டுக் கதவின் பின்னால் நின்று சிரிப்போம். அவருடைய முகத்துக்காக அண்ணாவும் நானும் ஆளுக்கொரு ஆயுள் காப்புறுதி போட்டோம். அப்போது நான் அண்ணாவோடுதான் இருந்தேன். கடிதங்கள் அவருடைய முகவரிக்கு வரும். இரண்டு பேரின் மாதக் கட்டணமும் அவருடைய கணக்கிலிருந்தே போகும். கலியாணம் முடித்துத் தனியே போன பிறகும் நான் அதை மாற்றவில்லை, ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததுமில்லை.

பிறகு மூன்றாவது வீடு விலைக்கு வந்தது. முற்பணத்துக்குக் காசு போதவில்லை. யோசனை சொன்னவன் நான். இரண்டு காப்புறுதியையும் முறிப்போம், வருகிற பணத்தை வீட்டில் போடுவோம், வீட்டை இருவர் பெயரிலும் எழுதுவோம் என்றேன்.

“அண்ணை, செத்தாப்பிறகு வாற காசாலை உங்களுக்கு என்ன பிரியோசனம்? வீட்டிலை போட்டா அது கண்ணுக்கு முன்னாலை நிக்கும்.”

குணம் மச்சானும் அங்கே இருந்தார். “வீடு நல்லதுதான் மச்சான். வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா அவசரத்துக்கு ஒரு சுவரைக் கழட்டி விக்க ஏலாது. கையிலையும் கொஞ்சம் இருக்கவேணும், இதுவும் இருக்கவேணும்” என்றார்.

“உனக்கு உன்ர கொமிஷன் போகுதெண்ட கவலை” என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். குணம் மச்சானும் சிரித்தார். அண்ணா மட்டும் சிரிக்கவில்லை. “தம்பி படிச்சவன், பிழையாச் சொல்லமாட்டான். ரண்டு கடிதத்தையும் எழுதித் தா, நான் போட்டுவிடுறன்” என்றார். ஜேர்மனில் இரண்டு ரத்துக் கடிதங்களை அழகாக எழுதி, என்னுடையதில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் ஒட்டிக் கொடுத்தேன். சில வாரங்களில் அண்ணா என்னுடைய பங்கென்று ஒரு தொகையைக் கணக்கில் காட்டினார். வீடு எங்களுடையதாயிற்று.

நாங்கள் குடியிருக்கப் போகாத அந்த வீட்டிலும் பால் காய்ச்சினோம். புகை எச்சரிக்கை மணி அடித்து மேல்மாடிக்காரர் எல்லோரும் படியில் இறங்கி ஓடி வந்ததும், அண்ணா அவர்களுக்கும் பாற்சோறு கொடுத்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்றைக்கு மண்டபத்திலும் கோயிலிலும் “எங்களுக்கு மூண்டு வீடு” என்று சொல்லித் திரிந்தது அண்ணா அல்ல, நான்.

சென்ற ஆண்டு, குளிர் கடுமையாக இருந்த நாட்களில், ஒரு குழாயைத் திருத்திவிட்டுத் திரும்பும்போது ட்ராம் தரிப்பிடத்தில் அண்ணாவின் இதயம் நின்றது. யாரிடமும் விடைபெற அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் இறுதிச் சடங்கு நிறுவனத்தார் முற்பணம் கேட்டார்கள். அண்ணாவின் கணக்கிலிருந்து எடுக்க வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றது வங்கி. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். எடுத்தாலும் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. வந்த வாடகையெல்லாம் கடன் தவணைக்கும் கூரை வேலைக்கும் போயிருந்தது. என் சேமிப்பும் அதே சுவர்களுக்குள்தான் இருந்தது. மூன்று வீட்டுக்காரரின் உடலை எடுக்கக் காசு இல்லாமல் நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கேட்கவில்லை. குணம் மச்சான் தானாகவே போய்க் கட்டிவிட்டு, பற்றுச்சீட்டை என் சட்டைப் பையில் வைத்தார். அவரைப் பார்த்துத்தான் நான் கொமிஷன் என்று சொல்லியிருந்தேன்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, நமக்குத் தெரிந்த ஒருவர் துக்கம் விசாரித்துவிட்டு அண்ணியின் அருகில் இருந்தார். “அக்கா, நீங்கள் இருக்கிற வீட்டை நான் எடுத்துவிடுறன். உங்களுக்கும் பாரம் குறையும்” என்று ஒரு விலை சொன்னார். அரைவாசி விலை. சான்றிதழ் வர முன்பே ஒப்பந்தம் எழுதி முற்பணம் தரலாம் என்றார். அண்ணி தலையாட்டினார். அதே வாரம் மூன்றாவது வீட்டில் வெப்பமூட்டும் இயந்திரம் முற்றாக நின்றுவிட்டது. அங்கே பிறந்து மூன்று வாரமான குழந்தையோடு ஒரு குடும்பம் இருந்தது. புதிய இயந்திரத்துக்குக் காசு வேண்டும். இல்லையென்றால் அண்ணி தான் குடியிருக்கும் வீட்டைக் கொடுக்க வேண்டும். அண்ணாவின் பிள்ளைகள் இருவரும் இன்னும் படித்து முடிக்கவில்லை.

கையெழுத்துப் போட முன்பு வீட்டுப் பத்திரங்களைத் தேட அண்ணி கோப்புகளைக் கொண்டுவந்தார். அதில் ஒன்றிலிருந்து ஒரு கடித உறை விழுந்தது. முத்திரை ஒட்டியிருந்தது, தபால் முத்திரை குத்தப்படவில்லை. உள்ளே என் கையெழுத்து. நான் எழுதிய ரத்துக் கடிதம். அதற்குக் கீழே, என் காப்புறுதிக்கு ஆண்டுதோறும் வந்த அறிக்கைகள் ஒன்று விடாமல் அடுக்கியிருந்தன. கடைசி மாதம்வரை அண்ணா கட்டியிருந்தார்.

“அண்ணி, இதென்ன? அப்ப, அண்டைக்கு என்ர காசெண்டு அண்ணை காட்டினது?”

“அது என்ர காப்பும் சங்கிலியும், தம்பி. வித்துத்தான் தந்தனாங்கள்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“தன்ரையை முறிச்சுப்போட்டு வந்து சொன்னார், ‘தம்பியின்ர பிள்ளையள் சின்னன், அவனுக்கு ஏதும் நடந்தா அதுகளுக்கு என்ன இருக்கு, அவன்ர கடிதத்தைப் போட எனக்கு மனம் வரேல்லை’ எண்டு. உங்களுக்குச் சொன்னா நீங்கள் பேசுவியள் எண்டு பயந்தவர்.”

என் அண்ணா எனக்குப் பயந்திருக்கிறார். இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஓராண்டு எடுத்தது. என் பேச்சை நம்பித் தன் பிள்ளைகளுக்கு இருந்ததை முறித்தவர், என் பிள்ளைகளுக்கு உரியதில் மட்டும் என் பேச்சை நம்பவில்லை.

நான் அன்றே அதை முறித்து அண்ணியிடம் கொடுக்கப் புறப்பட்டேன். அண்ணி விடவில்லை. “அதை மட்டும் உடைக்காதேங்கோ. அதுக்காக அவர் பட்டது போதும்” என்றார். வழி சொன்னவர் குணம் மச்சான்தான். இத்தனை ஆண்டு கட்டிய ஆயுள் காப்புறுதியை முறிக்கத் தேவையில்லை, அதன் மீது கடன் எடுக்கலாம், காப்புறுதியும் அப்படியே இருக்கும் என்றார். எடுத்தோம். குழந்தை இருந்த வீட்டுக்குச் சூடு வந்தது. குணம் மச்சானின் காசைத் திருப்பிக் கொடுத்தோம். சான்றிதழ் வரும்வரை தவணைகள் தவறவில்லை. அண்ணி தன் வீட்டிலேயே இருக்கிறார்.

வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் உறவுகளே, உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பட்டவன் என்ற முறையில் மட்டும் சொல்கிறேன். வீட்டுக்காரன் இறந்தாலும் வங்கித் தவணை நிற்காது, குழாய் ஒழுகுவது நிற்காது. வீட்டை விற்கலாம்தான், ஆனால் அவசரத்தில் விற்பவருக்கு விலை சொல்லுகிறவர் வேறு ஆள். சில மாதச் செலவுக்காவது கைக்கெட்டும் காசு வைத்திருங்கள். காப்புறுதியை உங்கள் மச்சானின் முகத்துக்காகப் போடாதீர்கள், உங்கள் மனைவியின் முகத்தைப் பார்த்துப் போடுங்கள்.

செத்தவீட்டில் தோள் கொடுத்தவர்களுக்கும், சமைத்து அனுப்பிய அக்காமாருக்கும், வாடகையை முன்கூட்டியே கொண்டுவந்து தந்த ‘எங்கட ஆக்களுக்கும்’ எங்கள் குடும்பத்தின் நன்றி. குணம் மச்சானிடம் நான் தனியே மன்னிப்புக் கேட்டேன். “அதை நான் அப்பவே மறந்திட்டன்” என்றார். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே உங்கள் எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை கேட்கிறேன்.

இதை அச்சுக்குக் கொடுக்க முன்பு அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். “அவர் இருந்தா இதை எழுத விட்டிருக்கமாட்டார்” என்றார். உண்மைதான். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மலரும், அண்ணா தபாலில் சேர்க்காத அந்தக் கடிதத்தால் மிஞ்சிய பணத்தில்தான் அச்சானது.