ஒரே டப்பாவில் வந்த இரண்டு மோட்டார்கள்

ஒரே டப்பாவில், ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் அக்கம்பக்கமாகப் படுத்துக்கொண்டு வந்த இரண்டு மோட்டார்கள் ஒரே வேகத்தில்தான் ஓடும் என்று நான் நம்பினேன். சிரிக்க வேண்டாம். இத்தனைக்கும் மிக்சியும் பம்ப்செட் மோட்டாரும் ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறவன் நான். அந்த நம்பிக்கையில் நான் செய்த பொம்மைப் படகுக்குச் சுக்கான் வைக்கவில்லை. இரண்டு புரொப்பல்லரும் சமமாகச் சுற்றினால் படகு நேராகப் போய்விட்டு நேராக வரும், பிறகு சுக்கான் எதற்கு என்பது என் வாதம்.

தெர்மாகோலில் அந்த ரிமோட் படகைச் செய்தது எனக்கு நானே விளையாட. ஐம்பதை நெருங்கும் ஆளுக்கு விளையாட்டு என்ன என்று மனைவி கேட்ட அன்றே, அதற்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது.

மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்துப் பையன். பெண்ணுக்கும் பையனைப் பிடித்திருந்தது. பையனின் அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. வாட்ஸ்அப் எல்லாம் அவருக்கு ஆகாது, குரலில்தான் பேசுவார்.

எங்கள் மலையில் சிக்னல் ஆளுக்கோர் இடத்தில் கிடைக்கும். சிலர் போனைக் கவரில் போட்டுச் சில்வர் ஓக் மரத்தில் மாட்டிவிட்டு மிளகு பறிப்பார்கள். மணி அடித்தால் மரத்துக்கு ஓடுவார்கள். மச்சானுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மேலே ரோட்டில் இருக்கும் பஸ் ஸ்டாப். போன தடவை வேறொரு சம்பந்தத்தை அங்கே நின்று பேசினார். அந்தப் பையனுக்கு வழுக்கை என்பது, பேசி முடிப்பதற்குள் மலையில் பெரக்கரை நாட்டு ஊர்கள் வரைக்கும் போய்விட்டது. இனி அங்கே பேசமாட்டேன் என்று சபதம் போட்டிருந்தார். இரண்டாவது இடம், அவருடைய குட்டையின் நட்டநடு. கோடையில் குட்டை வற்றிக் கிடந்தபோது அங்கே நின்றால் நாலு கோடும் நிற்கும். இப்போது மழை பெய்து, அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர்.

“எப்பக் கூப்புடுவாங்கன்னு தெரியாம எருமையாட்டம் எத்தன நேரமுங்க மாப்ள தண்ணிக்குள்ள நிக்கறது?” என்றார் மச்சான்.

“நீங்க எதுக்குங்க நிக்கோணும்? போன் நிக்கட்டும். படகுல நடுவுக்கு அனுப்பிச்சுடலாம். காதுல மாட்டற புளூடூத்த வெச்சுக் கரையில உக்காந்து பேசுங்க” என்றேன்.

சொன்ன பிறகுதான் தூரத்தைக் கணக்குப் போட்டேன். புளூடூத் குட்டையின் நடுவரைக்கும்தான் எட்டும். படகு கொஞ்சம் தள்ளிப் போனாலும் பேச்சு அறுந்துவிடும்.

மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: “ஏனுங்க, ஒரு கயித்தக் கட்டி உட்டா ஆகாதுங்களா? வேணுங்கறப்ப இழுத்துக்கலாமல்ல?”

“கயித்தக் கட்டுனா அது படகா? கன்னுக்குட்டி” என்றேன். என் வாழ்க்கையில் நான் தட்டிக்கழித்த நல்ல யோசனைகளில் அது தலையாயது.

சிமெண்டுத் தொட்டியில் படகை விட்டேன். இடப்பக்கம் திரும்பிச் சுவரில் முட்டியது. மறுபடி விட்டேன், மறுபடி இடம். இடது மோட்டார் சோம்பேறி என்று முடிவுகட்டி இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினேன். அப்போதும் இடமே. தொட்டி கோணல் என்று கொத்தனாரைத் திட்டினேன். துணி அலச வந்த மனைவி பார்த்துவிட்டு, “உங்களாட்டமே இருக்குதுங்க. எங்க போகச் சொன்னாலும் ஒரு பக்கமாத்தான் போகுது” என்றாள்.

உண்மை வேறு. இரண்டு புரொப்பல்லரும் எதிரெதிராகச் சுற்ற வேண்டும் என்பதற்காக இடப்பக்கத்து வயர்களை நான் மாற்றிக் கொடுத்திருந்தேன். இந்த மாதிரிச் சின்ன மோட்டார்களில் உள்ளே கரண்ட் கொடுக்கும் பிரஷ் ஒரு திசைக்கு வாகாக வைக்கப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் ஓட்டினால் வேகம் குறையும். எந்த மோட்டாரைக் கொண்டுபோய் அங்கே பூட்டினாலும் அது மெதுவாகத்தானே ஓடும்!

வேகமாக ஓடிய வலது மோட்டாரை அடக்க, அதன் வயரில் பழைய ஹீட்டரின் கம்பிச்சுருளில் ஒரு துண்டைச் சேர்த்தேன். காதைக் கிட்டே வைத்துக் கேட்டேன். இரண்டு ரீங்காரமும் ஒன்றையொன்று துரத்தி ‘வ்வோம்... வ்வோம்’ என்று ஏறி இறங்கின. கம்பியைக் கொஞ்சம் நீட்ட, கொஞ்சம் குறைக்க, ஏற்ற இறக்கம் அடங்கி ஒரே குரலானது. படகு தொட்டியில் கோடு போட்ட மாதிரி போயிற்று. ராத்திரி ராஜா மாதிரி தூங்கினேன்.

ஞாயிறு காலை போனை வெண்ணெய் டப்பாவுக்குள் வைத்துப் படகில் கட்டினோம். மச்சான் மகள் தன் புளூடூத்தை அப்பா காதில் மாட்டிவிட்டாள். “மாமா, என்ற வாழ்க்கையவே தெர்மாகோலுல ஏத்தியுட்டிருக்கீங்க” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டுதான் நின்றாள்.

“நேராப் போகும் கண்ணு, பாரு” என்று ரிமோட்டை அழுத்தினேன்.

முந்தின நாளெல்லாம் இடப்பக்கம் போன படகு வலப்பக்கம் திரும்பியது. தொட்டியில் வெறும் படகை வைத்துச் சமப்படுத்தியிருந்தேன். போனின் பாரம் ஏறியதும் கம்பித் துண்டு வலது மோட்டாரை அளவுக்கு மேல் அடக்கிவிட்டது. படகு வளைந்து வளைந்து நடுவைத் தாண்டி, அக்கரைப் பக்கத்துக் கோரைப்புல்லுக்கு முன்னால் வட்டமடித்தது. ரிமோட்டில் பின்னால் ஓட்டிப் பார்த்தேன், வேறொரு வட்டம் போட்டது. அங்கேயும் சிக்னல் எட்டியிருக்கிறது, டப்பாவுக்குள் மணி அடித்தது.

“அலோ! அலோ!” என்று மச்சான் காதைத் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. மணி நின்றது. மறுபடி அடித்தது.

“எடுக்கலீன்னா நமக்கு இஷ்டமில்லீன்னு நெனச்சுக்குவாங்க மாப்ள!”

அதற்கப்புறம் நான் யோசித்ததாக ஞாபகமில்லை. வேட்டியோடு குட்டைக்குள் இறங்கினேன். சேறு முழங்காலைப் பிடித்தது. அட்டை கடிக்கிறது என்று நானே ஒரு கத்து கத்தினேன், தொட்டுப் பார்த்தால் கோரைத் தண்டு. ரிமோட்டை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. மணி நிற்கும் முன் படகை எட்டிப் பிடித்து, டப்பாவைத் திறந்து போனை எடுத்துவிட்டேன்.

“யாருங்க பேசறது?” என்றது போன்.

“பொண்ணோட மாமனுங்க.”

“தண்ணிச் சத்தமா கேக்குதுங்களே?”

“குளிச்சுட்டிருக்கனுங்க.”

கரையிலிருந்து மச்சான், “என்னங்கறாங்க மாப்ள?” என்று அலறினார். மேலே பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கைப்பிடிச் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பையனின் அப்பா முடிவு என்று ஒன்றும் சொல்லவில்லை. அதை அவர்கள் வீட்டில் எப்போதோ எடுத்துவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை மேலே வருகிற முதல் பஸ் சேந்தமங்கலத்தில் எத்தனை மணிக்கு என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார். எனக்குத் தெரியவில்லை. மச்சானிடம் கத்திக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ரோட்டிலிருந்து நாலைந்து பேர் ஒன்றாகப் பதில் சொன்னார்கள். அதை அப்படியே போனில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அந்த பஸ்ஸில் வந்தார்கள். காப்பி குடித்தார்கள். கல்யாணம் நிச்சயமானது.