ஒரு கொட்டகை, மூன்று சாணை மிஷின்

மரவேலைக்காரன் நாள் முழுக்க மரத்தோடு போராடுகிறான் என்று வெளியில் நினைக்கிறார்கள். உளி பிடிக்கும் என் சக பாவிகளே, நாம் மல்லுக்கட்டுவதெல்லாம் உளியின் வாயோடுதான் என்பது உங்களுக்குத் தெரியும்.

வேங்கிக்காலில் எனக்கும் அன்வர் பாய்க்கும் ஒரே கொட்டகை. நான் கதவில் பூவும் கொடியும் செதுக்குகிறவன். அவர் லேத்தில் தூண் கடைகிறவர், என்னைவிட இளையவர். கல்லில் தேய்த்துத் தேய்த்து என் மணிக்கட்டு வீங்கிவிட்டதால், கரண்டில் ஓடும் சாணை மிஷின் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். அந்த நேரம் பார்த்து ஒரு பூஜையறைக் கதவும் அதற்கு இரண்டு பக்கத் தூண்களும் ஆர்டர் வந்தன. கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. பாய் இல்லாமல் நானோ, நான் இல்லாமல் அவரோ அந்த வேலையை முடிக்கவே முடியாது.

வறுவல்

கடைக்காரர் முதலில் தள்ளிவிட்டது, கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுற்றுகிற சாதாரண கிரைண்டர். பாயின் உளிகள் சூடு தாங்கும் இரும்பு. அவர் பொறி பறக்கத் தீட்டிக்கொண்டு கம்பீரமாக நகர்ந்தார். அதே ஜோரில் நானும், சூடு தாங்காத என் ஆசை உளியை வைத்து அழுத்தினேன். நல்ல வாசனை வந்தது. எடுத்துப் பார்த்தால் முனை நீலமாகிக் கிடந்தது. பதம் போய்விட்டது. தேக்கில் வைத்ததும் தகரம் மாதிரி மடங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாய் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தீட்டச் சொன்னா வறுத்து வச்சிருக்கீங்களே அண்ணே!"

தண்ணித் தொட்டி

பழகிய கடை என்பதால் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது மிஷினில் கல் தண்ணீரில் நனைந்தபடி மெல்லச் சுற்றும். சூடு என்ற பேச்சே இல்லை. என் உளிகளுக்கு அது சொர்க்கம். பாய்க்கோ நரகம். தூண் கடைகிறவர் அடிக்கொரு தரம் வந்து உளியைக் கல்லில் காட்டிவிட்டு ஓட வேண்டும். இங்கே வந்து சட்டையெல்லாம் தண்ணீர் தெறிக்க நின்றுகொண்டே இருந்தார். லேத் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"இது ஒரு உளி தீட்டி முடிக்கறதுக்குள்ள நீங்க கிரிவலமே போயிட்டு வந்துடலாம் அண்ணே."

உபகாரம்

மூன்றாவதாக நான் பார்த்து எடுத்தது நிதானமாக ஓடும் மிஷின். ஒரு பக்கம் கல், மறு பக்கம் தோல் சுற்றிய சக்கரம். என் உளியை லேசாக வைத்து, அவ்வப்போது தண்ணீரில் முக்கி எடுத்தால் நீலம் பாரிக்கவில்லை. சந்தோஷத்தில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: காலையில் யார் முதலில் வருகிறாரோ, அவர் இருவர் உளிகளையும் தீட்டி வைத்துவிடுவது. அங்கேதான் சனி பிடித்தது. என் தாமரை இதழெல்லாம் கீறல். பாயின் சுரண்டுகிற உளியோ மரத்தைச் சுருள் சுருளாக எடுக்காமல் வெறும் தூளாகக் கொட்டியது, தூண் சொரசொரவென்று நின்றது. அவர் என் மிஷின் தேர்வைப் பழித்தார், நான் அவர் கையைப் பழித்தேன். "ஆரணியில மச்சான் கொட்டகைல எடம் இருக்கு, நான் அங்கயே போயிடறேன்" என்று அவர் சொல்லும் அளவுக்குப் போனது.

மறுநாள் அவரைச் சமாதானம் செய்ய நினைத்து முதலில் போய், அந்தச் சுரண்டும் உளியைத் தோல் சக்கரத்தில் வைத்துக் கண்ணாடியாக மின்ன வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவர் அலறிவிட்டார். கல்லில் தீட்டும்போது முனையில் எழும்பும் பொடிப் பிசிறுதான் அவர் உளிக்குப் பல். அதைத்தான் நான் முதலில் வந்த நாளெல்லாம் மழித்துக்கொண்டிருந்தேன். அவரோ, என் உளிகளிலும் அதே பிசிறைப் பத்திரமாக விட்டு வைத்திருந்தார். இதழைக் கீறியது அதுதான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வெல்டிங் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பாய் ஆரணி போகப் போவதில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்பாடா என்று மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "விரோதி கூட இவ்ளோ அக்கறையா கெடுக்க மாட்டான் அண்ணே!"

பார்வை

முகூர்த்தத்துக்கு முன்பே கதவு முடிந்தது. ஆர்டர் கொடுத்த வீட்டிலிருந்து பார்க்க வந்த அம்மா கலெக்டர் ஆபீஸில் வேலை செய்கிறவர், எதிலும் குறை கண்டுபிடிக்காமல் நகராதவர். தூணைத் தடவினார், இதழைத் தடவினார். கடைசியில் கதவை விட்டுவிட்டு மூலையிலிருந்த மிஷினையே பார்த்தார்.

"வேலை நல்லா வந்திருக்குங்க. நீங்க கொட்டகைய பூட்டறதுக்கு முன்னாடி எங்க வீட்டு அருவாமனைய எடுத்தாந்தா இதுல சாணை புடிச்சிக் குடுப்பீங்களா?"

வேகம், கல், தண்ணீர் எல்லாம் பார்த்துத்தான் சாணை மிஷின் வாங்க வேண்டும், ஆனால் பக்கத்து ஆள் உளியின் மேல் கை வைக்காமலிருக்கும் வசதி மட்டும் இன்றுவரை எந்த மிஷினிலும் வரவில்லை.