ஒரே காலையில் இரண்டு ஊசி

1. ஓடி வந்த அப்பு

பங்களா அப்பு ஓடுவதை எங்கள் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. பங்களாவில் இருக்கும் மேனேஜர்தான் எங்களுக்குத் தொரை, அவருக்குச் சமைப்பவர் அப்பு. வெள்ளைச் சாரமும் வெள்ளைக் கோட்டுமாக, தட்டில் இருக்கும் டீ ததும்பாமல் நடந்து பழகிய மனிதர். பெருமாள் என்று பெயர். அந்தப் பெருமாள் அண்ணன் ஒரு நாள் முற்பகலில் செருப்பில்லாமல், கோட்டுப் பொத்தான் திறந்து கிடக்க, டிஸ்பென்சரிக்கு ஓடி வந்தார். மருந்துக்கு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு விலகினார்கள்.

"மிசி, பூனை ஆடுதுங்க. நிக்க முடியல. கையும் காலும் இழுக்குது."

நான் அங்கே மிட்வைஃப். றக்வானைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் நான் மிசி. பிரசவம் பார்ப்பது, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவது, கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுப்பது, இவைதான் என் வேலை. பூனை என் வேலை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது மிட்வைஃப் வேலைக்கு வரும் பிள்ளைகள் இதை வாசித்தால், மிசி ஏன் இவ்வளவு கோபப்படுகிறாள் என்று கேட்பார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

2. பூனைக்குச் சீனி வியாதி

தோட்டங்களைக் கம்பெனிகள் எடுத்த சில வருஷங்களுக்குப் பிறகு அந்தத் தொரை வந்தார். அவருடைய மனைவியை நோனா என்போம். பிள்ளையைக் கொழும்பில் படிக்க வைத்திருந்ததால் ஞாயிறு போய் வெள்ளி திரும்புவார். பூனை நோனாவுடையது. செம்பட்டை நிறத்தில், தலையணை மாதிரி இருந்த கடுவன். ஜிஞ்சர் என்று பெயர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் 'இஞ்சி' என்றே கூப்பிடும்.

அது திடீரென்று இளைத்தது. சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தது, போகிற இடமெல்லாம் மூத்திரம் பெய்தது. எவ்வளவு தின்றாலும் முதுகெலும்பு தெரிந்தது. கடைசியில் பின்னங்கால் பாதத்தை முழுதாகத் தரையில் ஊன்றி, கிழவன் மாதிரி நடக்க ஆரம்பித்தது. நோனா அதைக் கூடையில் வைத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனார். சீனி வியாதி என்று சொல்லி, இன்சுலின் போத்தலும் சிரிஞ்சுகளும் கொடுத்து அனுப்பினார்கள்.

"அனே மிசி, நீங்கதானே எல்லாருக்கும் ஊசி போடுறது. இதுக்கும் போடுங்க. நான் இல்லாத நாளைக்கு எனக்கு வேற யாரு இருக்கா?"

நோனா கெட்டவர் இல்லை. ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. கீழ் லயத்து மாரியாயிக்கும் அதே வியாதிதான். கால் புண்ணோடு கொழுந்தெடுக்கப் போவாள். அவளுக்குக் கொடுக்கிற குளிசை டிஸ்பென்சரியில் பாதி நாள் இருக்காது. கேட்டால் அடுத்த மாதம் வரும் என்பார்கள். பூனையின் மருந்து மட்டும் ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் தவறாமல் வந்தது. இதை நோனாவிடமே சொன்னேன். அவர் முகம் சிவந்து, தொரையிடம் பேசுவதாகச் சொன்னார். பேசினாரோ என்னவோ, குளிசை வரவில்லை.

இருந்தாலும் பூனை என்ன பாவம் செய்தது? வேலையை ஒழுங்காகப் படித்துக்கொண்டேன். முதலில் சாப்பாடு. தின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு ஊசி. தோள்பட்டைக்கு மேலே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, இரண்டு யூனிட். காலை ஆறு, மாலை ஆறு. ஒரு வேளை பிந்தினாலோ தவறினாலோ பெரிய மோசம் இல்லை, தப்பித் தவறி இரண்டு தரம் போட்டால் ரத்தத்தில் சீனி இறங்கிப் பூனை செத்துப்போகும் என்று கொழும்பு டாக்டர் நோனாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். பெருமாள் அண்ணன் பூனையை மடியில் வைத்துப் பிடிப்பார், நான் ஊசி போடுவேன். ஒரு மாதத்திலேயே பூனை தேறியது. பின்னங்கால் நிமிர்ந்தது. சனியன் என் சாரிக் கரையை நகத்தால் இழுத்து விளையாடக்கூட ஆரம்பித்தது.

3. வாய தொறக்காத

அன்று விடியும்போது நான் கீழ் டிவிஷனில் ஒரு தலைப்பிரசவத்தில் இருந்தேன். பிள்ளை வருகிற நேரத்தில் விட்டுவிட்டு வர முடியுமா? 'கொஞ்சம் பிந்தும், நான் வந்தே ஊசி போடுவேன்' என்று வாச்சரிடம் சொல்லி அவரைப் பங்களாவுக்கு அனுப்பினேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. கழுவிக்கொண்டு நேராகப் பங்களாவுக்கு ஏறினேன். ஏழரை ஆகியிருந்தது. தொரை, ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்குப் போய்விட்டார்.

பெருமாள் அண்ணன் குசினி வாசலில் நின்றார்.

"சாப்பிட்டிச்சா அண்ணே?"

"சாப்பிட்டிச்சுங்க மிசி."

"எப்ப?"

"ஆறு மணிக்குங்க."

"சரி, பிடிங்க."

பிடித்தார். வழக்கம்போல மடியில் வைத்து, தலையைத் தடவி, காதோரம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பிடித்தார். நான் இரண்டு யூனிட் போட்டேன். கை கழுவிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். அதற்குப் பிறகுதான் அவர் ஓடி வந்தது.

நான் பங்களாவுக்கு ஏறிப் போனபோது பூனை பின் விறாந்தைச் சிமெந்துத் தரையில் பக்கவாட்டில் கிடந்தது. கண் விரிந்திருந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, சீனி இறங்கிவிட்டது.

"நான் அளவாத்தானே போட்டேன். வேற யாரு என்ன குடுத்தது?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"அண்ணே, இது சாகப் போகுது. சொல்லுங்க."

"காலைல நானும் போட்டேங்க மிசி."

மிச்சத்தையும் கேட்டு வாங்கினேன். ஆறு மணிக்கு நான் இல்லை என்றதும் தொரைக்குக் கோபம் வந்திருக்கிறது. 'அவ எதுக்கு, நீ தினம் பாக்கிறதுதானே, நீ போடு' என்று சிரிஞ்சை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பிறகு சொல்லியிருக்கிறார்: 'மிசி வந்தா லேட்டுக்கு நான் பேசுறது. நீ வாய தொறக்காத.'

"நான் ரெண்டாவது தரம் போடுறப்ப நீங்கதானே பிடிச்சீங்க?"

"ஆமாங்க."

"பிடிச்சுக்கிட்டு சும்மா இருந்தீங்களா?"

"தொரை வாய தொறக்காதன்னு சொல்லியிருந்தாருங்க."

கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். என்னை விட வயதில் மூத்தவர் என்பதால் கையை அடக்கிக்கொண்டேன். தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்கு இது விளங்காது. முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவர் முட்டாள் இல்லை. தொரையின் வார்த்தைக்கு மேலே ஒரு சொல் சொல்லாமல் இருப்பதுதான் பங்களா வேலை. அதைப் பிழையில்லாமல் செய்து அந்த வேலையில் நிலைத்தவர் அவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். நான் சாப்பாட்டைக் கேட்டேன், அவர் சாப்பாட்டைச் சொன்னார்.

4. பூட்டிய சீனி

"சீனி கொண்டு வாங்க. சீக்கிரம்."

அவர் அசையவில்லை. சாமான் அலுமாரி பூட்டியிருந்தது. நோனா கொழும்புக்குப் போகும்போது சீனி, மா, டின் பால் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டிவிடுவார். அன்றன்றைக்கு வேண்டியதைத் தொரை திறந்து அளந்து கொடுப்பார். வேலைக்காரர் எடுத்துவிடக்கூடாதாம். தொரை சீனி போட்டு டீ குடிப்பதில்லை, அதனால் மேசையிலும் சீனிக் கிண்ணம் இல்லை. சாவி அவர் கால்சட்டைப் பையில். அவர் எந்த மலையிலோ ஜீப்பில்.

கண்ணாடிக் கதவுக்குள்ளே பெரிய போத்தல் நிறையச் சீனி தெரிகிறது. வெளியே சீனியில்லாமல் உயிர் போகிறது. எனக்கு ஆத்திரம் அப்படியே ஏறியது.

"கண்ணாடிய ஒடைங்க."

"ஐயோ மிசி, ஒடைச்சா களவுன்னு பொலிசுல குடுத்துருவாங்க. எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குங்க."

நானே உடைத்திருப்பேன். அதற்குள் அவர் குசினிக்குப் பின்னால் இருந்த தன் அறைக்கு ஓடிவிட்டார். திரும்பி வரும்போது கையில் அரைப் போத்தல் கித்துள் பாணி, கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய இனிப்புப் பாகு. றக்வானைச் சந்தையில் வாங்கி, பிள்ளைகள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அவர் மனைவி வைத்திருந்தது.

இழுக்கிற வாயில் பாணியை ஊற்றக்கூடாது, புரையேறும். விரலில் தொட்டு ஈறிலும் உதட்டின் உள்பக்கமும் தேய்த்தேன். திரும்பத் திரும்பத் தேய்த்தேன். பெருமாள் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகையை நிறுத்துங்க என்று அதட்டினேன். கொஞ்ச நேரத்தில் இழுப்பு குறைந்தது. பிறகு நாக்கு வெளியே வந்து என் விரலை நக்கியது. தலையைத் தூக்க முடிந்ததும் மீன் பிசைந்து ஊட்டினோம். பிரசவித்தவளைப் பார்ப்பது மாதிரி அதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். இடையிடையே பாணி தடவினேன். பூனை பிழைத்தது.

5. நான் சொன்னது இல்லை

பகல் சாப்பாட்டுக்குத் தொரை வந்தார். விறாந்தையில் பாணியும் மீனும் மூத்திரமுமாகக் கிடந்ததைப் பார்த்து, "மொகத மே?" என்றார். என்ன இது என்று சிங்களத்தில் கேட்பது. நடந்ததைச் சொன்னேன். நீங்கள் போடச் சொன்னீர்கள், வாயைத் திறக்காதே என்றும் சொன்னீர்கள், அதனால்தான் இரண்டு ஊசி விழுந்தது என்று நேராகவே சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்காமல் அப்புவைப் பார்த்தார்.

"நான் ஊசி போடுன்னு சொன்னது இல்லை. அப்பு, நான் சொன்னதா?"

பெருமாள் அண்ணன் கைகட்டி நின்றார். "இல்லைங்க தொரை" என்றார்.

தொரை பொய் சொன்னது எனக்குப் பெரிதில்லை. ஆனால் தன் கழுத்துக்கு வந்த கத்திக்கு இந்த மனிதர் தானே கழுத்தை நீட்டினாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "தொரை, இவரு ஒங்களுக்குப் பயந்து சொல்றாரு. ஒங்களுக்கும் அது தெரியும்" என்றேன். "மிசி, டிஸ்பென்சரிக்குப் போங்க" என்றார். அடுத்த பெரட்டில் பெருமாள் அண்ணனை மலைக்கு மாற்றிவிட்டார்கள். மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற வேலை. பங்களா அறையைக் காலி செய்துவிட்டு லயத்தில் தம்பி வீட்டுக் காம்பராவில் குடும்பத்தோடு ஒண்டினார்.

வெள்ளிக்கிழமை நோனா வந்தார். அவரிடமும் ஒன்று விடாமல் சொன்னேன். நோனா பூனையைத் தடவித் தூக்கிக் கூடைக்குள் வைத்தார்.

"எனக்குத் தெரியும் மிசி. பெருமாள் அப்படிச் செய்ற ஆள் இல்லை."

"தெரிஞ்சா தொரைகிட்ட சொல்லுங்க. அவர திரும்ப எடுக்கச் சொல்லுங்க."

"சொன்னேன். கேக்கிறது இல்லை." பிறகு பூனைக் கூடையை என் பக்கம் தள்ளினார். "இதைக் கொண்டு போங்க. இந்த வீட்டுல இது உயிரோட இருக்காது."

பூனைக்கு ஒரு வழி கிடைத்தது. பெருமாள் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை.

6. சத்தமா சொல்லுங்க

பூனை என் குவார்ட்டஸுக்கு வந்தது. நோனா மருந்து அனுப்பிக்கொண்டே இருந்தார். எனக்கு நேரம் காலம் இல்லாத வேலை. அதனால் மாலை ஊசிக்குப் பெருமாள் அண்ணனையே வரச் சொன்னேன். "வேணாங்க மிசி, இந்தக் கையால மறுபடியுமா?" என்றார். "ஒங்க கையில ஒரு பிழையும் இல்ல. வாங்க" என்றேன்.

அப்போது வைத்த சட்டத்தைத்தான் பிறகு என்னிடம் பழகிய எல்லா மிட்வைஃப்களுக்கும் சொன்னேன். மருந்து கொடுத்த ஆள் யாராக இருந்தாலும் வாய் விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்தவர் அதைக் கேட்டதாகப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த ஊசி இல்லை. நோயாளியிடம் 'சாப்பிட்டாயா' என்று மட்டும் கேட்காதீர்கள், 'வேற யாரு என்ன குடுத்தாங்க' என்று கேளுங்கள். பயந்தவள் உடனே சொல்ல மாட்டாள். மேசையை விட்டு எழுந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காத்திருங்கள். மேலே இருப்பவன் வாயை மூடச் சொன்ன இடத்தில்தான் மருந்து விஷமாகிறது.

முதல் நாள் ஊசி போட்டுவிட்டுப் பெருமாள் அண்ணன் சிரிஞ்சை மூடி வைத்தார். நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

"என்ன அண்ணே, ஆச்சா?"

"போட்டாச்சுங்க" என்றார், பூனைக்கே கேட்காத குரலில்.

"எனக்குக் கேக்கல. சத்தமா சொல்லுங்க."

"தொரை ஜீப்பு ரோட்டுல வருதுங்க மிசி."

"வரட்டும். சொல்லுங்க."

அவர் கதவு வரைக்கும் போனார். கான் வெட்டிய சேறு காலில் காய்ந்திருந்தது. ஜீப் வளைவில் திரும்பி எங்கள் வாசலுக்கு நேரே வந்தபோது, "போட்டாச்சு" என்று கத்தினார். ஒரு 'ங்க' கூடச் சேர்க்கவில்லை.

"கேட்டுச்சு அண்ணே" என்றேன் நான்.